தலைப்பாகிப் போன லாட் நம்பர்

நிஷா: மறுபடியும் அதேதானா?

மெஹக்: அதேதான். கம்ப்யூட்டர்ல நான் அடிச்ச வரி மொத்தமும் போஸ்டர் மாதிரி பெருசாயிடுது. நான்தான் எங்கியோ தப்புப் பண்ணியிருக்கேன்.

நிஷா: எதைத் தொட்ட?

மெஹக்: ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன். மொதல்ல எழுத்து அளவு, அப்புறம் கலர், அப்புறம்...

நிஷா: பேஜார் பண்ணாத மெஹக். சார் கிளாஸைப் பூட்ட சாவியோட நிக்கறாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்.

மெஹக்: முடியாது. அப்பா இன்னிக்கே இந்தக் கதைய போன்ல விளையாடணும்.

நிஷா: உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது. எழுத்து பெருசா இருந்தா இன்னா?

மெஹக்: அவருக்கு போன் படிச்சுக் காட்டும். விரலால தள்ளினா தலைப்பு தலைப்பா தாவும். கண்ட வரியும் தலைப்பா நின்னா, கேள்வி வர்றதுக்குள்ள அலுத்துப் போய் வெச்சிடுவாரு.

நிஷா: இன்னா கேள்வி?

மெஹக்: கதையில ஒரு பொண்ணு ஷூ கம்பெனியில பீஸ் செக் பண்றா. சென்னையில வேலை கெடைக்குது. போகட்டுமா, வேணாமான்னு அவ அப்பா ரெண்டுல ஒண்ணைத் தொட்டுச் சொல்லணும், கதை அந்தப் பக்கம் போகும்.

நிஷா: அவ அப்பாவா, உங்கப்பாவா?

மெஹக்: கதைன்னு சொல்றேன்ல.

நிஷா: இதையே நேர்ல கேக்கறதுக்கு இன்னா?

மெஹக்: சென்னைன்னு வாயைத் தொறந்தாலே டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணிடுவாரு.

நிஷா: சரி... அந்த வரியப் படி.

மெஹக்: "#7 லாட் ஷூ மேசைக்கு வந்தது. எல்லாமே இடது கால்."

நிஷா: மொதல்ல இன்னா போட்டிருக்க?

மெஹக்: ஹேஷ். லாட் நம்பருக்கு முன்னாடி அப்படித்தான போடுவோம்?

நிஷா: அது கம்பெனியில. இங்க வரி மொதல்ல ஹேஷ் வந்தா தலைப்பு. சார் மொத நாளே சொன்னாரு.

மெஹக்: ஐயோ... எல்லாப் பக்கத்துலயும் போட்டிருக்கேன்.

நிஷா: பகல் பூரா கம்பெனியில ஷூ பெட்டிக்கு நம்பர் சீட்டு ஒட்டிட்டு, சாயந்திரம் வந்து கதைக்கும் ஒட்டியிருக்க.

மெஹக்: சிரிக்காத. எடுத்துட்டேன்... "லாட் 7"னு மாத்திட்டேன். போன்ல பாரு.

நிஷா: இரு, கண்ணை மூடிக்கறேன். உங்கப்பா மாதிரியே தள்ளறேன்... ம், கேள்விக்கே நேரா போகுது. "போகட்டும்" தொடறேன். "தலைப்பு, சென்னைப் பயணம்." சபாஷ்.

மெஹக்: போதும், குடு.

நிஷா: இன்னொண்ணையும் பாத்துடறேன். "வேணாம்"... "தலைப்பு, சென்னைப் பயணம்." இன்னா இது?

மெஹக்: நிஷா, சார் கூப்பிடறாரு.

நிஷா: கூப்பிடட்டும். எதைத் தொட்டாலும் ஒரே பக்கத்துக்குப் போகுது. லிங்க்கைத் தப்பாக் குடுத்திருக்க. தள்ளு, நான் சரி பண்றேன்.

மெஹக்: வேணாம். அது சரியாத்தான் இருக்கு.

நிஷா: ரெண்டும் ஒண்ணுன்னா அவரை எதுக்குடி கேக்கற?

மெஹக்: பொண்ணு கேக்காமலே போய்ட்டாளேன்னு அவருக்கு இருக்கக் கூடாதுல்ல... கம்பெனி வேலைய விட்டு நேத்தே நின்னுட்டேன் நிஷா. திங்கக்கிழமை சென்னைக்கு ரயிலு.