சாமான் கோச்சிக் கதவு

இல்லை மகேந்திரராசா அண்ணை, எனக்குக் கதிரை வேண்டாம். நான் இருக்க வரேல்லை. அந்தப் பழம் ஏத்தின பெட்டியின்ரை கதவை ஒருக்காத் திறந்து விடுங்கோ, அது போதும்.

ஓம், கடைசிப் பெட்டிதான். மிலானோப் பக்கம், வடக்குச் சமவெளிக்கு ஓடுற அந்தச் சின்னக் கொம்பனிக் கோச்சி. சீல் வைச்சாச்சு எண்டு தெரியும். காலமை நீங்கள்தானே குறட்டாலை ஈயத்தை அமத்தினனீங்கள், நான் சுவரடியிலை நிண்டு பாத்தனான். அதை அறுத்தால் உங்கடை வேலைக்கு ஆபத்து எண்டும் தெரியும்.

என்னத்துக்கோ? என்ரை பை ஒண்டு உள்ளுக்கை போச்சுது. சியாகுல்லித் தோட்டத்திலை பழம் அடுக்கேக்கை கூடைக்குள்ளை விழுந்திருக்கும். சிரியாதேங்கோ அண்ணை. ஒரு பைக்கு ஆரும் அழுவினமோ எண்டால், எனக்கு அழுகை வருது, நான் என்ன செய்ய.

மிலானோ போய்ச் சேந்தாப் பிறகு எடுக்கிறதோ? கோச்சி போனால்தானே! மத்தியானம் தொடக்கம் ஷோப்பெரோவாம், ஒரு ட்ரைவரும் வேலைக்கு வரமாட்டினமாம், வீட்டை போற பஸ்ஸிலை எல்லாரும் இதைத்தான் கதைச்சவை. எங்கடை யாழ்ப்பாணக் கோச்சியும் தொண்ணூறிலை நிண்டது நிண்டதுதான். இந்த ஷிரோக்கோக் காத்து வெக்கையிலை அந்த இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். பழம் அழுகினால் முதலாளிக்குத்தான் நட்டமோ? பழம் நாசமாப் போகட்டும்.

கையிலை இருக்கிற இதோ? இது மூச்சு முட்டுக்கு இழுக்கிற பம்ப். எனக்கில்லை, என்ரை மனுசனுக்கு. மேசையிலை விட்டிட்டு வந்திட்டார். எடுத்துக்கொண்டு ஓடி வந்தனான் அண்ணை. நான் வர, அவர் பெட்டியிலை ஒரு காலை வைச்சிட்டார். முதுகுதான் தெரியுது. பயணம் வெளிக்கிட்ட ஆளைப் பின்னாலை கூப்பிடலாமோ? இப்ப திரும்புவார், இப்ப திரும்புவார் எண்டு நிண்டன். அவரும் எங்கடை ஆள்தானே, சகுனம் பாத்துத் திரும்பவேயில்லை. பழக்கூடையளுக்குப் பின்னாலை போய் மறைஞ்சிட்டார். நீங்கள் வந்து கதவை இழுத்துச் சாத்திப்போட்டியள்.

ஓம் அண்ணை, உள்ளுக்கைதான் இருக்கிறார். பெர்மெஸ்ஸோக் கடதாசி இல்லாமல் ஆக்கள் போற கோச்சியிலை போனால், கோச்சி ஏத்துற மெசினாக் கப்பலடியிலை பிடிப்பாங்கள் எண்டு இப்பிடி வெளிக்கிட்டவர். கோச்சி உடனை எடுக்கும், காத்துப் படும், தாங்குவார் எண்டு நினைச்சன். உங்களிட்டைச் சொல்லவும் பயம்.

தட்டினனான். தட்டாமல் இருப்பனோ. ஆர் தட்டினாலும் மூச்சுக் காட்டாதேங்கோ எண்டு நான்தான் சொல்லி விட்டனான், அதாலை பேசாமல் இருக்கிறார் எண்டு யோசிச்சன். பிறகு இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ எண்டன். ஒண்டுமில்லை. கடைசியிலை, கலியாணம் கட்டி இண்டைக்குத்தான் முதல்முறையா, சோதிலிங்கம் எண்டு அவற்றை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டன்.

அதுக்கும் சத்தமில்லை அண்ணை. ஈயத்தை அறுக்கக் குறட்டை எடுங்கோ.