காலின்ஸ் தெருவில் பின்னால் போனது கார்தான்

என் பெயர் பெர்னடெட் டூலி. வயது ஐம்பத்தெட்டு. மெல்பர்ன் நகரின் வடக்கே கோபர்க்கில் தனியாகக் குடியிருக்கிறேன். துணிக்கடையில் ஜன்னல் திரை விற்கும் பிரிவில் வேலை. என்னிடம் கார் கிடையாது, வேண்டும் என்று நினைத்ததும் கிடையாது. 1994 அக்டோபர் கடைசியில், குதிரைப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை காலின்ஸ் தெருவில் காரும் டிராமும் மோதியது குறித்து, தவறு யார்மேல் என்று என்னை இந்தக் காவல் நிலையத்தில் விசாரித்ததன் பேரில் சொல்கிறேன். டிராம் ஓட்டுநர் வூலா கரஸ் வேலைக்குப் புதியவர், தவறு அவருடையது என்று முடிவானால் வேலை போய்விடும் என்று சார்ஜென்ட் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

காரை ஓட்டியவர் என் தங்கை நோரீனின் கணவர் லயல் பிராட்டன். சிட்னியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை இருவரும் பந்தயம் பார்க்க விமானத்தில் வந்து இறங்கினார்கள். நான் போய் வரவேற்று, "பஸ்ஸுல ஸ்பென்சர் தெரு போயிட்டு டிராம் பிடிச்சா ஹோட்டல் பக்கத்துலயே இறங்கிடலாம்" என்று சொன்னேன். அதற்கு லயல், "டிராமா? சிட்னில அதையெல்லாம் எப்பவோ புடுங்கி எறிஞ்சாச்சு பெர்னி. நீங்கதான் இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க" என்றார். அதன் பிறகு வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் எடுத்தார். வழி காட்டுவதற்காக நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோரீன் பந்தயத்துக்கு வாங்கிய தொப்பியைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

வழி நெடுக அவர் எங்கள் ஊரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மழை பெய்ததும் என் தப்பு, பத்து நிமிடத்தில் வெயில் அடித்ததும் என் தப்பு. நான் திரும்பச் சொன்ன இரண்டு இடங்களில் திரும்பாமல் நேரே போனார். பெண் பிள்ளை சொல்லித் திரும்பினால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது. இப்படிச் சுற்றி ஒருவழியாகக் காலின்ஸ் தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

குவீன் தெருச் சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கே வலது பக்கம் திரும்புகிற கார் இடது ஓரமாக ஒதுங்கி, சந்திப்புக்குள் போய் நின்று, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழுந்த பிறகு வளைந்து போக வேண்டும். நடுவில் நின்றால் டிராமுக்கு வழி இருக்காது. இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். ஆகவே, "லயல், இடது பக்கம் ஒதுங்கு" என்றேன்.

"வலது பக்கம்தானே போகணும்?"

"ஆமா. அதனாலதான் இடது பக்கம் ஒதுங்கச் சொல்றேன்."

அவர் பின்னால் திரும்பி, "உங்க அக்காவுக்கு மறை கழண்டுடுச்சு நோரீன்" என்றார். வலது பக்கம் திரும்ப இடது ஓரம் என்று எழுதிய பலகை தலைக்கு மேலே தொங்கியது. அதைக் காட்டினேன். "எவனோ குடிச்சிட்டு மாட்டியிருக்கான்" என்று சொல்லி, தெரு நடுவில் தண்டவாளத்தின் மேலேயே காரை நிறுத்தினார். நோரீன், "அக்கா சொல்றதக் கேளுங்களேன்" என்றாள். அவளை வாயை மூடச் சொன்னார்.

அதன் பிறகு பின்னால் டிராம் வந்து நின்று மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கும் டிராமுக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கிற அளவு இடம் இருந்தது. டிராம் அசையவில்லை. மறுபடி மணி அடித்ததும் லயல், "மணியடிக்க இது என்ன மாதா கோயிலா?" என்றார். நடைபாதையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. அப்போதுதான் கியரைப் பின்னால் போகிற பக்கம் தள்ளி, பார்க்காமல் மிதித்தார். அந்தக் கையை நான் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த கடைப் பலகை முன்னால் நகர்ந்தது. பின்னாலேயே இடி விழுந்தது. தொப்பிப் பெட்டி நோரீனின் நெஞ்சில் போய் இடித்தது.

அவர் இறங்கிப் போய், "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?" என்று டிராம் ஓட்டிவந்த பெண்ணைக் கேட்டார். வூலா கரஸ் திருப்பித் திட்டவில்லை. "நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு டிராம் படியில் உட்கார்ந்துவிட்டார். டிராமில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி நடந்து போனார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் லட்சணமும் அவ்வளவுதான்.

போலீஸ்காரர் வந்ததும் லயல், டிராம்தான் பின்னால் வந்து இடித்தது என்று சொன்னார். தன் சாட்சியாக என் பெயரைக் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை. வீட்டு நாய் குரைக்காது என்று நினைத்தார்.

மறுநாள் நோரீன் ஹோட்டலிலிருந்து தொலைபேசியில், "அக்கா, ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு. அவர் லைசென்ஸ் போனா பள்ளிக்கூடத்த மூட வேண்டியதுதான். அந்த டிராம்காரி உனக்கு யாரு?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். "நீ என்ன பார்த்தே?" என்று நான் கேட்டதற்கு, தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவள் கண்ணாடி வழியாகப் பின்னால் டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் இனி இந்த ஜென்மத்தில் என் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். எங்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை.

லயல் பிராட்டன்மேல் எனக்கு முன்விரோதம் உண்டா என்று சார்ஜென்ட் கேட்டார். விரோதம் என்று சொல்லுமளவுக்கு அந்த ஆளிடம் ஒன்றுமில்லை. கல்யாணத்தன்றிலிருந்தே அவரைப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பிடிக்காததால் கார் பின்னால் போகவில்லை. அவர் தள்ளியதால் போனது. டிராம் நின்றுகொண்டுதான் இருந்தது.

என் தங்கையை எனக்கு மிகவும் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளவும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரு சொல்லையும் அடிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) பெர்னடெட் டூலி