ஒரே ஒருவருக்கு எழுதும் கடிதம்

தேநீர் ஆறிவிடும், குடியுங்கள். எங்கள் வீட்டில் கொஞ்சம் திடமாகத்தான் போடுவோம். சர்க்கரை உங்கள் இடது கைப்பக்கம் இருக்கிறது. இந்த ஏரிக்காற்றில் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். இறந்துபோன ஒரு மாணவனுக்காக மருத்துவக் கல்லூரியின் டீன் நேரில் வருவது மரியாதையான செயல், டாக்டர் லிண்ட்க்விஸ்ட். அதை நான் மதிக்கிறேன்.

உங்கள் அறிக்கைக்காக நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். என் தம்பி மகன் ஜோரி அந்தக் கடிதங்களை ஏன் அனுப்பினான் என்பது ஒன்று. அப்போது அவனுக்கு மனநோய் இருந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் தேநீர் கொடுத்து உங்களை அனுப்பியிருப்பேன். இரண்டாவது கேள்விக்காகத்தான் பேசுகிறேன்.

இந்த ஊரில் ட்ரெவாரோ என்ற எங்கள் குடும்பப் பெயரைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வரும் வழியில் மருத்துவமனை வாசலில் அதைப் பார்த்திருப்பீர்கள். என் தாத்தா செப்புச் சுரங்கத்தில் நசுங்கிய கைகளைத் தைத்துச் சேர்த்தவர். அப்பா அறுவை மருத்துவர். தம்பி எட்மண்டும் அப்படியே. நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். எட்மண்ட் தன் கடைசி வருஷத்தில், தான் செய்ததையே மறந்தான். நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, அனுப்பவில்லை என்று சாதிப்பான். மனநல மருத்துவரிடம் போக நாள் குறித்திருந்தான். தொலைபேசியில் அதை ரத்து செய்தது நான். அந்தக் கட்டடத்தின் முன்னால் எங்கள் வண்டி நிற்பதை ஊர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அவன் இறந்தான். இதயம் நின்றுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். இதயம் நிற்காமல் யாரும் சாவதில்லை. ஆகவே அது பொய்யும் அல்ல.

ஜோரியின் தாய் அதற்கு முன்பே வேறொருவரை மணந்துகொண்டு அரிசோனாவுக்குப் போயிருந்தாள். வளர்த்தது நான்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவன் மேற்பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இந்த மேசையில் உட்கார்ந்துதான் மருத்துவமனைகளுக்கு ஆர்வக் கடிதங்கள் எழுதினான். ஒவ்வோர் இடத்திலும் விண்ணப்பங்கள் மலைபோலக் குவிந்து கிடக்குமாம். அந்தக் குவியலிலிருந்து தன்னை எடுத்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கும்படி பணிவாகக் கேட்பதற்கு அந்தக் கடிதம். உங்களுக்குத் தெரியாததல்ல, நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆர்வோ, ஜோரியின் சிறுவயதுத் தோழன், அன்று இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி சாப்பிட வந்திருந்தான்.

"ஆக, ஆஸ்பத்திரிக்கு லவ் லெட்டர் எழுதறே," என்றான்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். 'உங்க மேல ஆர்வம் இருக்கு'ன்னு எத்தனை பேருக்கு வேணும்னாலும் எழுதலாம். 'நீங்கதான் என் முதலிடம், கூப்பிட்டா உங்ககிட்டதான் வருவேன்'னு ஒருத்தருக்கு மட்டும்தான் எழுதணும். நான் மில்வாக்கி ஆஸ்பத்திரிக்கு எழுதப்போறேன்."

"ரெண்டு பேருக்கு எழுதிட்டா?"

"தொலைஞ்சேன். பயிற்சித் தலைவருங்க எல்லாரும் ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சவங்கடா. மாநாட்டுல ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறவங்க. பொய்யன்னு பேர் வந்துட்டா அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

"நான் பத்தாங்கிளாஸ்ல மூணு பொண்ணுங்களுக்கு எழுதினேன். டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க."

"மூணும் ஒரே கடிதம், ஆர்வோ," என்றேன். "பேரக்கூட மூணாவதுல மாத்த மறந்துட்ட."

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். ஜோரி சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்ப்பான். எட்மண்டும் அப்படித்தான்.

கடிதங்களைத் திருத்தித் தரும்படி ஜோரி என்னைக் கேட்டான். அவற்றில் 'என் விண்ணப்பக் கட்டுரையில் எழுதியபடி' என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கட்டுரையை அவன் எனக்குக் காட்டியிருக்கவில்லை. அவன் வெளியே போயிருந்தபோது கணினியில் தேடிப் படித்தேன். நான் கணினியைத் தொடவே மாட்டேன் என்று ஊரே நம்பியது. எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கட்டுரையின் முதல் வரி இது: 'என் தந்தை மாரடைப்பால் இறந்தார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அவர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார், அதனால்தான் நான் மனநல மருத்துவம் படிக்க விரும்புகிறேன்.'

எங்கள் ஊர் மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி இடம் உண்டு. அவனுக்கு அது கேட்டாலே கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, நேர்காணல் என்ற பெயரில் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தன் அப்பாவைக் கிடத்திக் காட்டப் போகிறான். கட்டுரை ஏற்கெனவே எல்லோருக்கும் போய்விட்டது. இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் நம்ப முடியாததாக ஆக்கலாம். பொய்யன் என்று பெயர் எடுத்தவனின் முதல் வரியை யார் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்? வழியை அவனே இந்த மேசையில் சொல்லிவைத்திருந்தான்.

சனிக்கிழமைகளில் அவன் ஆர்வோ வீட்டு சானாவில் நீராவிக் குளியலுக்குப் போவான். கணினியைத் திறந்தபடியே விட்டுப் போவான். அவன் விண்ணப்பித்திருந்த ஒவ்வோர் இடத்துக்கும், அவன் முகவரியிலிருந்து, 'நீங்கள்தான் என் முதலிடம்' என்று எழுதினேன். அவன் நடையிலேயே எழுதினேன். அதில் சிரமம் ஒன்றுமில்லை. அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். பெயர்களைக் கவனமாக மாற்றினேன். பிறகு அடுப்பில் பேஸ்டியைச் சூடாக்கி வைத்தேன். அவன் ஈரத் தலையோடு வந்து சாப்பிட்டான்.

அதன் பிறகு தினமும் பயிற்சி செய்தோம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் எட்மண்டின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் உட்காருவான். நான் நேர்காணல் செய்பவள்.

"எங்க மருத்துவமனையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"அத்தை, கொஞ்சம் சிரிச்ச முகமா கேளுங்களேன். நீங்க கேட்டா தூக்குத் தண்டனை குடுக்கற மாதிரி இருக்கு."

"அவங்க சிரிக்கமாட்டாங்க. முதுகை நிமித்தி உக்காரு."

நிமிர்ந்து உட்காருவான். 'நீங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு அவனால் கடைசிவரை நல்ல பதில் தயாரிக்க முடியவில்லை. நான் விடாமல் கேட்டேன். அழைப்பு எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா? இரவில் அறைக்குள் போய்க் கேள்வியையும் பதிலையும் அவனே சொல்லிப் பார்ப்பான். எங்கள் அறைகளுக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாளை ஒட்டி, மில்வாக்கியிலிருந்து பயிற்சித் தலைவரே தொலைபேசியில் அழைத்தார். கடுமையாகப் பேசவில்லை என்று ஜோரி சொன்னான். 'இதே கடிதம் என் நண்பர்கள் நாலு பேரிடம் இருக்கிறது, தம்பி' என்று மட்டும் சொன்னாராம். ஜோரி கணினியைத் திறந்து, அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். நான் சமையலறையில் இருந்தேன். பிறகு அவன் வந்து அதோ, அந்த வாசற்படியில் நின்றான்.

"அத்தை, இதெல்லாம் நான்தான் அனுப்பியிருக்கேன்."

நான் அடுப்பைத் தணித்தேன்.

"என் வார்த்தைதான். நான் எழுதற மாதிரியேதான் இருக்கு. ஆனா அனுப்பினதா நினைவே இல்ல. கொஞ்சம்கூட இல்ல." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது? லெட்டர் அனுப்பிட்டு அனுப்பலன்னு சொல்வாரே?"

அந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் குற்றம் சொல்லலாம். கடிதங்களுக்காக அல்ல. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அவன் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவான். போகிற இடமெல்லாம் காரணத்தையும் சொல்வான். அத்தை ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பார்கள். எட்மண்டைப் பற்றிக் கேட்பார்கள்.

"களைப்பா இருக்கும்," என்றேன். "போய்த் தூங்கு."

"எனக்கு அப்பாவோட நோய் வந்துடுச்சா, அத்தை? உண்மையைச் சொல்லுங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க."

"நம்ம குடும்பத்துல அப்படி ஒரு நோயே கிடையாது, ஜோரி."

அவன் என்னை நீண்ட நேரம் பார்த்தான். நான் எதையோ மறைக்கிறேன் என்று புரிந்துகொண்டான். எதை என்பதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஏரி கரையோரமாக மட்டும்தான் உறையும். மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் குடில்களைப் பனிக்கட்டிமேல் இழுத்துக்கொண்டு போகும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவன் எட்மண்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிமேல் நடந்து போனான். அடிச்சுவடு நேர்கோடாக இருந்தது. எங்கும் வழுக்கிய தடம் இல்லை என்று ஆர்வோ சொன்னான். அதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவனைக் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு என் வாசலில் யாரும் பனி தள்ளுவதில்லை.

எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. வயது எழுபத்தாறு, அது இயல்பு. ஆனால் பலகைச் சுவருக்கு அப்பால் பயிற்சி இன்னும் நடக்கிறது. இப்போது அவன் பதில் சொல்வதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறான். சிரித்த முகமாகக் கேட்கிறான், குரலிலேயே தெரிகிறது. 'நீங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லுங்கள்.' நான் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறேன். நல்ல பதிலாகத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே உங்கள் அறிக்கையைத் திருத்த வேண்டும், டாக்டர். கடிதங்களை அனுப்பியது வினிஃப்ரெட் ட்ரெவாரோ. வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஷெரீஃபிடமும் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பையன் பொய் சொன்னவன் அல்ல, அவனுக்கு எந்த நோயும் இல்லை. மனநோய் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

பனிக்கட்டி மெலிதாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது. அப்படி எழுதுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் தற்கொலை செய்துகொண்டதில்லை.