சோல்வெய்யின் பூட்ஸ்

பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் வாங்குங்கள். காலையில் பாதம் சின்னதாக இருக்கும். நாள் முழுக்க நின்று நடந்து, நாலு மணிக்கு மேல் கொஞ்சம் வீங்கியிருக்கும். உறைந்த ஏரியில் முப்பது கிலோமீட்டர் சறுக்கி முடித்ததும் உங்கள் பாதம் அந்த அளவில்தான் இருக்கும். காலையில் வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வாரமே கால் நகம் கறுத்துத் திரும்பி வருவார்கள். இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் இதைச் சொல்லிவந்திருக்கிறேன். சோல்வெய்யிடம் மட்டும் சொல்லவில்லை.

அவசரமில்லாமல் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஹேரன் ஏரிக்கரையில், படகுத்துறைக்கு மேலே இருக்கிறதே, அதுதான் என் கடை. கோடையில் சைக்கிள் ரிப்பேர். டிசம்பரில் ஏரி உறைந்ததிலிருந்து மார்ச் வரை ஸ்கேட். மனைவி பிரிந்துபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கடைக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள் என்று நினைத்துத்தான் இங்கேயே இருந்துவிட்டேன். ஆனால் என் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. காலுக்குச் சரியான பூட்ஸைக் கொடுத்து, பூட்ஸை மாட்டிப் பூட்டுகிற பிடிப்பை பிளேடின் மேல் சரியாகப் பொருத்திக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் பத்து வருடத்துக்குத் திரும்பி வரமாட்டார். நன்றாக வேலை செய்யச் செய்யக் கடையில் நான் மட்டும் மிஞ்சுவேன்.

சோல்வெய் நாலு வருடத்துக்கு முன்னால், டிசம்பரில் வந்தாள். வடக்கே ஊமெயோவிலிருந்து எங்கள் ஊர் நூலகத்துக்கு மாற்றலாகி வந்தவள். ஐம்பத்து நாலு வயது. விவாகரத்து ஆகியிருந்தது. ஊரில் யாரையும் தெரியாது. ஃபோன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டாள். காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

அவளுடைய இடது பாதம் வலது பாதத்தைவிட அரை நம்பர் பெரியது. இடது கணுக்கால் உள்பக்கமாகக் கொஞ்சம் சாயும். முதல் தடவை கையில் எடுத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட காலுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கணுக்காலை மூடுகிற உயரமான, விறைப்பான பூட்ஸ் வேண்டும். குதிகாலையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிற பிடிப்பு வேண்டும். கால் பலமுள்ளவர்களுக்குத்தான் குதிகால் தூக்கிக்கொள்கிற பிடிப்பு. அதில் பூட்ஸின் முன் நுனியை மட்டும் மாட்டிக்கொண்டு நீளமாக எட்டு வைத்துப் போகலாம். நான் அவளுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பூட்ஸும் குட்டையான, மெத்தென்ற ரகம்.

"இது காலப் பிடிக்கவே மாட்டேங்குதே?" என்று எழுந்து நின்று பார்த்தாள்.

"போகப் போகப் படிஞ்சிடும்."

"நான் படிஞ்சு போறேனா, பூட்ஸ் படிஞ்சு போகுதான்னு பாப்போம்" என்று சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளத்தோடு வந்தாள். பிளாஸ்திரி வெட்டி ஒட்டிவிட்டேன். காபி போட்டேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நூலகத்துக்குத் திரும்பி வருகிற புத்தகங்களில் ஜனங்கள் எதையெல்லாம் அடையாளத்துக்கு வைக்கிறார்கள் என்று சொன்னாள்.

"நேத்து ஒரு சமையல் புஸ்தகத்துல பன்றி இறைச்சித் துண்டு, ஹில்டிங். பொரிச்சது. எத்தனாம் பக்கம்னு கேளுங்க."

"எத்தனாம் பக்கம்?"

"உடம்பு இளைக்கிற பக்கம்."

அன்று கடையைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஏறும்போதும் சிரித்துக்கொண்டே போனேன். தனியாகச் சிரிக்கிற சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பிடிப்பை பிளேடில் நாலு ஸ்க்ரூக்கள் தாங்கும். பின்னால் இருக்கிற இரண்டுக்கும் நாலு மில்லிமீட்டர் குட்டையான ஸ்க்ரூவைப் போட்டு, இறுக்கும் பசையைத் தடவாமல் விட்டால், ஏழெட்டு தடவை போய்வந்ததும் ஆட ஆரம்பிக்கும். கழன்று விழாது. லொடலொடவென்று சத்தம் வரும், கால் தடுமாறும், அவ்வளவுதான். பெரிய அடி படாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் செய்தேன். அவளும் வந்தாள். அந்தக் குளிர்காலத்தில் ஆறு தடவை, அடுத்ததில் ஒன்பது.

"எனக்கும் இதுக்கும் ராசியே இல்ல போலிருக்கு" என்றாள் ஒருநாள்.

"பிடிப்புல தப்பு இல்லீங்க. நீங்க கால் வைக்கிற விதம். வெளிப்பக்கமா அழுத்துறீங்க. எந்த ஸ்க்ரூவும் தாங்காது."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் திட்டினால் ஒரு பிள்ளை பார்க்குமே, அப்படி. அதன் பிறகு தெருவில் நடக்கும்போதுகூட ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். எனக்கு அது ஒருவிதத்தில் பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் ஸ்கேட்டிங் குழு ஒன்று இருக்கிறது. தலைவர் இங்வார். ஓய்வுபெற்ற தச்சர், ஏரியின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவர். அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, உன் லைப்ரரி அம்மாவ எங்களோட அனுப்பேன். ஒளிச்சு வச்சிருக்கியா?" அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்று சொன்னேன். அவளிடம், குழுவினர் வேகமாகப் போவார்கள், பின்தங்கியவர்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்ன விஷயம்.

அதனால் அவள் என்னோடு மட்டும் வந்தாள். வியாழக்கிழமைகளில் நூலகம் மதியத்தோடு மூடிவிடும். பனி விழாத நாட்களில் ஐஸ் கறுப்புக் கண்ணாடிபோல இருக்கும். கீழே நீர்ச்செடிகள் அப்படியே அசையாமல் நிற்பது தெரியும். வளைகுடாவரை போய், பாறை ஓரமாக உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து சூடான புளூபெர்ரி சூப்பைக் குடிப்போம். நீங்கள் நினைப்பதுபோல் காதல் ஒன்றும் இல்லை. அவள் பாதத்தைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் யாரிடமும் பேசாமல் இருந்ததுண்டு. அது எனக்குக் கஷ்டமாக இல்லை. வியாழக்கிழமை வரும் என்று தெரிந்திருந்தது.

இந்த வருடம் ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை வந்தாள். தோளில் புது பூட்ஸ் தொங்கியது. உயரமான ரகம், விறைப்பானது. குதிகாலைப் பூட்டுகிற பிடிப்பு.

"ஸ்டாக்ஹோம் போயிருந்தேன்ல? அங்க கடையில ஒரு பொண்ணு என் கால ரெண்டு நிமிஷம்தான் பாத்தா. இதக் குடுத்தா. ஹில்டிங், நேத்து குழுவோட போனேன்! நாப்பத்திரண்டு கிலோமீட்டர்! ஒரு தடவகூட விழல."

"நல்லது."

"யாரும் முகம் சுளிக்கல. என்ன விட மெதுவா ரெண்டு பேர் வந்தாங்க. என் கால்ல ஒரு குறையும் இல்லையாம்." அவள் கன்னம் சிவந்திருந்தது. "பழசக் காட்டினேன். இங்வார் என்ன சொன்னார் தெரியுமா? 'இதுல ஸ்க்ரூ போட்டவன் கண்ணாடி மாத்தணும்'னார். போய் ஒரு கண் டெஸ்ட் பண்ணிக்குங்க, பெரிய மனுஷா."

அவள் சந்தேகப்படவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி வரைக்கும் அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. கிண்டல் செய்தாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குழு மறுபடியும் ஏரி நடுவே இருக்கிற தீவுக்குப் போகிறது, நீங்களும் வாங்க என்று கூப்பிட்டாள். பிளேடுகளைத் தீட்டித் தரச் சொல்லி வைத்துவிட்டுப் போனாள். வாசலில் நின்று, "இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இல்ல" என்றாள்.

நாலு வருடம் எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிளேடுகளை நன்றாகத் தீட்டினேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை. இடது பிளேடில் மட்டும் நாலு ஸ்க்ரூக்களையும் மாற்றினேன். நீங்கள் மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அவைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் கிளம்பினோம். நான் வரிசையில் கடைசி ஆளாக வருவதாகச் சொன்னேன். நல்ல வெயில், காற்றில்லை. இங்வார் முன்னால் போய் ஈட்டிக்கம்பால் ஐஸைக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். சோல்வெய் எனக்கு முன்னால் போனாள். அவள் அவ்வளவு அழகாகச் சறுக்கி நான் பார்த்ததில்லை. பதினொன்றரை மணிக்கு, தீவுக்குப் பாதி வழியில், இடது பிளேடு கழன்று தனியாக ஓடியது. அவள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். அடி இல்லை.

இங்வார் திரும்பி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. என் ராசி என்ன விட மாட்டேங்குது" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நீங்க போங்க. கடைக்காரன் நான் இருக்கேன்ல" என்றேன்.

"சரி, தீவுல சாசேஜ் வாட்டிக்கிட்டு இருப்போம். சீக்கிரம் வாங்க, இல்லன்னா உங்க பங்கும் காலி."

அவர்கள் போனார்கள். என் பையில் வேறு ஸ்க்ரூ இல்லை என்று அவளிடம் சொன்னேன். இருந்தது. அதையும் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். கரைக்கு நடந்து போய்விடலாம், ஓடை வந்து சேருகிற இடம்தான் பக்கம் என்றேன்.

"அங்க ஐஸ் மெல்லிசுன்னு இங்வார் சொன்னாரே?"

"இங்வார் தன் நிழலப் பாத்தே பயப்படுவார். நாலு வருஷமா உங்கள எங்கயாவது தப்பாக் கூட்டிட்டுப் போயிருக்கேனா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல" என்றாள். நடக்கிறவள் முன்னால் போகட்டும் என்று அவளை முன்னால் விட்டேன். என்னுடைய ஈட்டிக்கம்பு கையில்தான் இருந்தது. நான் குத்திப் பார்க்கவில்லை.

முழங்கால்வரை நனைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பயந்தால் குழு, தீவு எல்லாம் வேண்டாம் என்று ஆகிவிடும். கடைக்குக் கூட்டிப்போய்க் காலைத் துடைத்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் ஐஸ் பெரிய துண்டாக உடைந்தது. கழுத்துவரை போய்விட்டாள். முதுகுப்பை மிதந்ததால் தலை வெளியே இருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே நாலு மீட்டர்.

அவள் கத்தவில்லை. ஏரிக்குப் போகிற எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்கிற இரண்டு கூர் ஆணிகளை எடுத்து ஐஸில் குத்தி ஏறப் பார்த்தாள். விளிம்பு நொறுங்கிக்கொண்டே வந்தது. "கயிறு, ஹில்டிங்" என்றாள். நான் விதிப்படி வயிற்றை ஐஸில் வைத்துப் படுத்தேன். கயிறு என் பையின் பக்கவாட்டில் இருந்தது. எடுத்து வீச மூன்று விநாடி போதும்.

"வியாழக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன?"

"பழையபடி. வியாழக்கிழமை கடைக்கு."

"வர்றேன். வர்றேன். கயிறப் போடுங்க."

இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஒன்று வேண்டும் என்பதற்காகச் சொல்வது வேறு, மனசாரச் சொல்வது வேறு. மனசாரச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவள் வாய் குளறத் தொடங்கிவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நூலகத்தைப் பற்றிக் கேட்டேன். வளைகுடாவில் பார்த்த நீர்நாயை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் கண்ணால் பதில் சொன்னதுபோல இருந்தது. பிறகு இல்லை. பன்னிரண்டரைக்கு இங்வார் தேடிக்கொண்டு வந்தபோது நான் அப்படியே படுத்திருந்தேன். பயத்தில் கை கால் உறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். கயிறு கட்டுப் பிரிக்காமல் பையிலேயே இருந்ததை இங்வார் பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னது பிறகுதான்; அப்போது என் தோளில் கை வைத்தார்.

அடுத்த மூன்று வாரம் கடைக்கு ஆள் வராத நாளே இல்லை. ரொட்டி, கேக், சூப் என்று கொண்டுவந்து வைத்தார்கள். உட்கார்ந்து பேசினார்கள். சோல்வெய் இருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தங்கை மாலின் ஊமெயோவிலிருந்து வந்தாள். முகம் அப்படியே அக்கா. கடையில் அக்கா உட்காருகிற நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். "அவ தனியாவா செத்தா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தேன்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றி சொன்னாள்.

நான்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர். ஸ்க்ரூ, ஓடை, கயிறு, எல்லாம் நான்தான். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் மாலினிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் எப்படி அவளை விட்டுவிட்டுப் போக முடியும்? பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யாருமே இல்லை.