மூணாம் நம்பர் மைக்

வயரை ஆட்டாதீங்க தம்பி, வயர் நல்லாத்தான் இருக்கு. மைக்கும் நல்லாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து மூணு தடவை மாத்திட்டீங்க, நானும் பாவமேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒத்திகையில மத்த அஞ்சு மைக்லயும் சத்தம் வருது, மூணாம் நம்பர்ல மட்டும் வெறும் காத்து வருதுன்னா, கோளாறு மைக்ல இல்ல. மைக்குக்கு முன்னாடி நிக்கற ஆள்ல. அது நான்தான். நான் பாடறதில்ல.

ஆமா, சரியாத்தான் காதுல விழுந்துச்சு உங்களுக்கு. பாட்டுக்குழுவுல, முன்வரிசையில, நட்டநடுவுல நிக்கறேன், ஆனா பாடறதில்ல. பதினாலு வருஷமா இப்படித்தான். இத்தனை நாளும் மேல ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டு ஒப்பேத்திட்டிருந்தாங்க, யாருக்கும் தெரியல. இந்த வருஷம் நீங்க பதிவு பண்றோம்னு முன்வரிசையில ஆளுக்கொரு மைக் வெச்சு என் வண்டவாளத்தை வெளிய கொண்டுவந்துட்டீங்க.

ஐயையோ, பின்வரிசைக்கா? அது மட்டும் சொல்லாதீங்க. மேடையே இடிஞ்சு விழுந்தாலும் நான் அங்க தரையில போட்டிருக்கற சாக்பீஸ் பெருக்கல் குறி மேலதான் நிப்பேன். மைக்கை வேணா எடுத்து எங்க குழுவுல இருக்கற பல் டாக்டருக்குக் குடுத்துடுங்க. அவரு ஏற்கெனவே மூணு பேருக்குச் சேர்த்துப் பாடுவாரு, இன்னும் சந்தோஷப்படுவாரு. இல்லைன்னா அங்கேயே இருக்கட்டும், நீங்க உங்க மிக்ஸர்ல அதோட சத்தத்தை மட்டும் மூடி வெச்சுடுங்க. ஆனா என்னை நகர்த்தாதீங்க. போட்டி நடுவர்கிட்ட சொல்லிடுவேன்னா என்ன அர்த்தம்? கொஞ்சம் உக்காருங்க, உங்க பெட்டி மேலயே உக்காருங்க. அவசரமில்ல. மேடையில கெட்ட குமாரன் நாடகம்தானே போகுது? அவன் இன்னும் சொத்தைப் பிரிச்சுக் கேக்கவே இல்ல. அப்புறம் ஊரைவிட்டு ஓடணும், கூத்தடிக்கணும், பன்னி மேய்க்கணும், புத்தி வரணும், வீட்டுக்குத் திரும்பணும். அப்பா வந்து கட்டிப்பிடிச்சாத்தான் நாங்க ஏறணும்.

தம்பின்னு கூப்பிடறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் காதோரம் நரைச்சிருக்கு, தெரியுது. எனக்கு அறுபத்தி மூணு.

அதோ அந்த மரத்தடியில, பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு, பாட்டுத் தாளைப் புரட்டிக்கிட்டிருக்காரு பாருங்க, குழுவை நடத்தற மாஸ்டர். அவர்தான் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். கோடை வந்தா மத்த குடும்பமெல்லாம் கடலுக்குப் போகும், மலைக்குப் போகும். நாங்க இருபத்திரண்டு பேரும் மாஸ்டருமா ஒரே வேன்ல அடைஞ்சுக்கிட்டு இந்தக் கிறிஸ்தவ இசைவிழா, கலைவிழான்னு ஒவ்வொரு கூடாரமா ஏறி இறங்குவோம். வேன்ல கூட குரல் வாரியாத்தான் உக்காரணும், அது அவரோட சட்டம். போற வழியெல்லாம் ஒத்திகை நடக்கணுமில்ல! கீச்சுக்குரல் பொம்பளைங்க முன்னாடி, கட்டைக்குரல் ஆம்பளைங்க கடைசி சீட்டு. எல்லாம் தொப்பையும் தொந்தியுமா உக்காந்தா வேனோட பின்பக்கம் தரையைத் தொட்டுக்கிட்டுப் போகும். எனக்குத்தான் குரலே கிடையாதே, அதனால டிரைவர் பக்கத்துல, தண்ணி கேனோட தண்ணி கேனா நான்.

குரல் கிடையாதுன்னு சொன்னா தப்பு. இருக்கு. நல்லாவே இருக்கு. அதுதான் பிரச்சினை.

முதல் வருஷம் நானும் பாடினேன் தம்பி. ஏரிக்கரையில ஒரு விழா. ஒரு ஆள் குறைஞ்சாங்கன்னு இவரே கூப்பிட்டாரு, வந்து நில்லுன்னு. எனக்குத் தலைகால் புரியல. மெதுவா ஆரம்பிச்சு மெதுவா முடியற பாட்டு, மேய்ப்பனும் ஆடுகளும்னு வரும். நான் ஆண்டவருக்குன்னு சொல்லி அடிவயித்துலேர்ந்து எடுத்தேன் பாருங்க. பக்கத்துல இருந்த டீச்சரம்மா என் சுருதிக்கு வந்துட்டாங்க. அவங்களைப் பார்த்து அவங்க பக்கத்துல இருந்தவங்க. ஆடுங்க மொத்தமும் வழி தவறிப் போச்சு. ரெண்டு கூடாரம் தள்ளி பொம்மலாட்டம் நடத்திக்கிட்டிருந்தவங்க, யாருக்கோ அடிபட்டுடுச்சுன்னு கையில பொம்மையோட ஓடி வந்துட்டாங்க. சிரிங்க, சிரிங்க. இப்ப எனக்கும் சிரிப்புத்தான். அன்னிக்கு இல்ல.

திரும்பி வர்றப்ப அவரு, பாதி வழியில டீ குடிக்க நிறுத்தினப்ப, தனியா கூப்பிட்டு, ரொம்ப மரியாதையா சொன்னாரு. நீ பாடணும்னு அவசியமில்லம்மா, வாயை மட்டும் அசைச்சாலே போதும்னு.

எப்படி இருக்கும் எனக்கு? கட்டின பொண்டாட்டியைப் பார்த்து சொல்ற சொல்லா அது? சரி, வாயைத்தானே அசைக்கணும், அசைக்கறேன்னு வீட்டுலயும் அதையே ஆரம்பிச்சேன். ஒரு வாரம். சாப்பிட வாங்கன்னு வாயசைப்பேன், சத்தம் வராது. விளக்கை அணைங்கன்னு வாயசைப்பேன். கேஸ் தீர்ந்துபோச்சுன்னு வாயசைச்சேன், அவருக்குப் புரியல, ரெண்டு பேரும் ராத்திரி ரொட்டிதான். எட்டாம் நாள் கையைப் பிடிச்சுக்கிட்டு, தாயே வாயைத் திறன்னாரு. திறந்தேன். ஆனா குழுவை விட்டுப் போகமாட்டேன், நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன்னு சொல்லிட்டேன். ரோஷம்.

பாடாம நிக்கறதுன்னா சும்மா இல்ல தம்பி, அது ஒரு தனி வேலை. மத்தவங்க மூச்சையும் சுருதியையும் பார்த்துக்கணும். எனக்கு அந்தக் கவலையே இல்ல. அதனால வார்த்தை ஒவ்வொண்ணையும் வாய் நிறைய, உதடு நிறைய, இம்மி பிசகாம அசைப்பேன். ஃபோட்டோ எடுக்கறவனெல்லாம் என்னைத்தான் எடுக்கறான். போன வருஷ நோட்டீஸ்ல என் படத்தைத்தான் பெருசாப் போட்டிருந்தாங்க. ஒரு அம்மா மேடைக்குப் பின்னாடி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. உங்க குரல் எங்கேயோ கொண்டுபோயிடுச்சுக்கான்னு. நான் ஆண்டவருக்கே மகிமைன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன்.

மேளச்சத்தம் வந்துடுச்சா? அப்ப கூத்தடிக்கப் போயிட்டான். பன்னிங்க இனிமேத்தான் வரும். அதுங்களை நினைச்சாத்தான் எனக்கு பக்பக்குன்னு இருக்கு. பன்னி வேஷம் கட்டின புள்ளைங்க ஏழெட்டு பேரு இருக்காங்க, நிஜமாவே உருண்டு புரளுதுங்க. என் சாக்பீஸ் குறியை அழிச்சுட்டாங்கன்னா?

குறி யாரு போட்டதா? அவருதான். எந்த மேடையா இருந்தாலும் முன்னாடியே ஏறி, தான் நிக்கற இடத்துலேர்ந்து நாலு எட்டு எண்ணி, நேர் எதிர்ல ஒரு பெருக்கல் குறி. அங்க நான். வெயில் என் முகத்துல அடிக்கணும், அவரு முதுகுல அடிக்கணும். ரெண்டு வருஷமா இந்தப் பழக்கம். பல் டாக்டருக்கு இதுல பொறாமை. மாஸ்டர் பாட்டு நடத்த நின்னாலும் பொண்டாட்டி முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாருன்னு வேன்ல கிண்டல் வேற.

முன்னெல்லாம் இவரு எப்படித் தெரியுமா? புலி. இருபத்தோரு பேரு பாடறதுல ஒருத்தர் நூலளவு இறங்கினாலும் பாட்டை நிறுத்தி, பென்சிலை நீட்டி, நீங்கதாம்பாரு. நீட்டின பென்சில் சில சமயம் பறந்தும் வரும். டீச்சரம்மா எத்தனை தடவை அழுதுட்டே போயிருக்காங்க. இப்ப யாரையும் ஒரு வார்த்தை சொல்றதில்ல. கட்டைக்குரல் அண்ணன் போன வாரம் ஒரு பாட்டு முழுக்க எங்கேயோ போயிட்டாரு, இவரு சிரிச்ச முகமா கையை வீசிக்கிட்டிருக்காரு. எல்லாருக்கும் ஆச்சரியம். ஆண்டவர் மாஸ்டரைத் தொட்டுட்டாருன்னு பேச்சு. எங்க போதகர் ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயே சொன்னாரு, சாந்தகுணத்துக்கு நம்ம மாஸ்டரைப் பாருங்கன்னு. இவரு முதல் வரிசையில உக்காந்துக்கிட்டு, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்களேன்னு அவரும் பின்னாடி திரும்பிப் பார்த்தாரு.

என்னத்துக்கு இதெல்லாம் சொல்றேன்னா, போன கோடையில நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் தம்பி. எனக்குக் காய்ச்சல். நிக்க முடியல, பின்வரிசையில தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நாள்தானேன்னு. பாட்டு நல்லாத்தான் ஆரம்பிச்சுது. நடுவுல பாடறவங்க வேகமா ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க, வெயில், சீக்கிரம் முடிச்சா போதும்னு. இவரு கை பழைய வேகத்துலயே போகுது. பாட்டு முடிஞ்சுது. ஆமென் சொல்லியாச்சு. எல்லாரும் வாயை மூடியாச்சு. இவரு கை மட்டும் நிக்கல. கண்ணை மூடிக்கிட்டு, முகத்துல அவ்வளவு சந்தோஷத்தோட, இன்னும் நாலு வரி நடத்திக்கிட்டிருக்காரு. ஜனங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? மௌன ஜெபம்னு நினைச்சுட்டாங்க. மொத்தக் கூடாரமும் தலையைக் குனிஞ்சுடுச்சு. குழந்தை கூட அழல. பக்திக்குன்னு எங்களுக்கு ஒரு கேடயம் வேற குடுத்தாங்க.

ஜனங்க ஏமாறுவாங்க, குழு ஏமாறுமா? பல் டாக்டர் போதகர்கிட்ட போய் ஊதிட்டாரு, மாஸ்டருக்குத் தள்ளாமை வந்துடுச்சுன்னு. போதகர் நல்ல மனுஷன், வீட்டுக்கு வந்து என்கிட்ட தனியா சொன்னாரு. இந்த விழாவைப் பார்ப்போம்மா, இதுலயும் இப்படி ஆச்சுன்னா அவரு ஓய்வெடுக்கட்டும், டாக்டர் நடத்தட்டும்னு. ஓய்வெடுத்து என்ன பண்ணுவாரு? இந்த மனுஷன் வருஷம் பூரா காலண்டர்ல கோடையை மட்டும் எண்ணிக்கிட்டிருக்கற ஆளு. அதைப் புடுங்கிட்டா அவரு இருக்கமாட்டாரு தம்பி, நான் சொல்றேன். அதனாலதான் சொல்றேன், என்னைப் பின்னாடி அனுப்பாதீங்க. இன்னிக்கு மட்டுமாவது வேண்டாம்.

புரியலையா? புரியற மாதிரி இருக்கு, ஆனா கேக்கத் தயங்கறீங்க. சரி, சொல்லிடறேன். என் பிள்ளைகிட்ட கூட சொன்னதில்ல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு விழா முடிஞ்சு வந்தோம். ஒரே புழுதி. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சுத்தமா குரல் இல்ல, நாலு நாள். பால்காரர் கேட்டாரு, என்னம்மா குரல் போச்சான்னு. மருமக கஷாயம் வெச்சுக் குடுத்தா. பேரன் ஊமைப் பாட்டின்னு ஓட்டினான். இவரு மட்டும் ஒண்ணுமே கேக்கல. காபி வேணுமான்னு வாயசைப்பேன், அரை டம்ளர் போதும்பாரு. கரண்ட் பில் கட்டினீங்களான்னு வாயசைப்பேன், நாளைக்குக் கட்டறேம்பாரு. நாலு நாளும் என்கூட சகஜமா பேசிக்கிட்டிருந்தாரு தம்பி. எனக்குக் குரல் போனதே அவருக்குத் தெரியல.

அஞ்சாம் நாள் குரல் வந்துடுச்சு. ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தாரு, நான் முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டேன். பொம்மலாட்டக்காரங்களை ஓட வெச்ச அதே குரல்ல. கை நடுங்கக் கூட இல்ல அவருக்கு. பாட்டுக்குன்னே பொறந்த மனுஷன். குளியலறையில போய், அவருக்குக் கேட்டுடக் கூடாதேன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தோணுச்சு, குழாயை எதுக்குடி திறந்தேன்னு. அப்புறம் அழுகையோட சிரிப்பும் வந்துடுச்சு.

அதுக்கு அடுத்த விழாவுலதான் முதல் பெருக்கல் குறி போட்டாரு. நான் ஏன்னு கேக்கல. அவரும் சொல்லல. குழுவுல இருபத்தோரு பேரு அவரு கையைப் பார்க்கறாங்க, அவரு என் வாயைப் பார்க்கறாரு. அவ்வளவுதான் எங்க சங்கீதம். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா? அது எனக்குத் தெரியாது. கேட்டுட்டா சொல்லணும், சொல்லிட்டா நிறுத்தணும்.

கையைத் தட்டறாங்க. அப்பா வந்துட்டாரு போல, கட்டிப்பிடிச்சாச்சு. மூணாம் நம்பரை மூடிட்டீங்களா? நல்லா இருப்பீங்க. அந்த அங்கியை எடுங்க, ஆமா, அந்த நீலம்தான்.

அதோ, சாக்பீஸும் கையுமா அவரே வர்றாரு. பன்னிங்க அழிச்சிருக்கும்னு அவருக்கும் பயம். எந்திரிச்சுக்குங்க தம்பி, முன்னாடி போய் நில்லுங்க. பின்னாடியிருந்து கூப்பிடாதீங்க, தோளையும் தட்டாதீங்க. மேடை ரெடின்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க. கத்தியெல்லாம் சொல்ல வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாலே போதும்.