ரோஸ்விதா வீட்டு நிலவறை

காலையில் நான் காபி குடிப்பதில்லை. நாக்கு மரத்துப்போய், மத்தியானம்வரை எதிலும் ருசி பிடிபடாது. நீங்கள் அன்பாக நீட்டியதால் குடித்தேன். இனிமேல் நாக்கைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஒட்மார். ஃபால்கென்ரீட்டில் பிறந்து வளர்ந்தவன், வயது அறுபத்தொன்று. கூரை ஓடு வேய்வது தொழில். மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் பியர் காய்ச்சும் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். ஒன்பது வீடுகளுக்கு உண்டு, அதில் என் வீடும் ஒன்று. பொதுக் கூடத்தில் விறகு மூட்டிக் காய்ச்சுவோம். ஆறிய பார்லிச் சாற்றை அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் போட்டுப் பொங்கவிடுவோம். முறை வரும் வாரம், பியர் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டால் ஊரே வந்து உட்கார்ந்துவிடும். வெளியூரிலிருந்தும் வருவார்கள், கையில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வீடு வீடாக ருசி பார்த்து எழுதிக்கொண்டு.

அந்த நோட்டுப் பழக்கம் எனக்கும் உண்டு. இளமையிலிருந்தே சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் பியர் காய்ச்சும் இடம் ஒன்று விடாமல் போய்க் குடித்திருக்கிறேன். குடித்தேன் என்பது தப்பு, கவனித்தேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர், பார்லியை எத்தனை நேரம் வறுத்தார்கள், தொட்டியை யார் சோம்பேறித்தனமாகக் கழுவினார்கள் என்றெல்லாம் ஒரு வாயில் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரில் சந்தேகம் வந்தால் கிளாஸை என் வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். கூரை வேய்பவனுக்கு வேறு என்ன மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள்.

கோர்பினியன் பக்கத்து வீடு. நடுவில் ஒரு கைவண்டி போகும் அளவுக்குச் சந்து. எங்கள் ஊரில் இரண்டு வீடாகச் சேர்ந்து காய்ச்சுவதும் உண்டு. முப்பது வருஷமாக நானும் அவனும் ஜோடி. ஒரே பார்லி, கசப்புக்குப் போடும் ஒரே ஹாப்ஸ் பூ, ஒரே கொப்பரை. சாற்றைச் சரிபாதியாகப் பிரித்து, அவன் பாதி அவன் நிலவறைக்கு, என் பாதி என் நிலவறைக்கு. ஆகையால் ருசியில் வித்தியாசம் இருந்தால் அதற்குப் பொறுப்பு தண்ணீரும் இல்லை, பார்லியும் இல்லை. ஆள்தான்.

போன வருஷம் ஜூலையில் பொதுக் கூடத்தின் ஆண்டுவிழா. தலைவர் குன்ட்ராமுக்கு ஒரு விளையாட்டு தோன்றியது. ஒன்பது வீட்டு பியரையும் எண் போட்ட கிளாஸில் ஊற்றி, யாருடையது என்று சொல்லாமல், என்னை ருசி பார்க்கச் சொன்னார். ஊரே கூடியிருந்தது. வெளியூர் நோட்டுக்காரர்களும் இருந்தார்கள். நான் உற்சாகமாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

நான்காம் கிளாஸை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தேன். "ஈரத்துணி வாடை. இதைப் போட்டவன் தொட்டியைத் தேய்ச்சே மாசக்கணக்காகுது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஏழாம் கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை. "இதைப் போட்டவன் யாரோ, அவன் பூட்ஸை நான் துடைச்சு வைக்கிறேன்" என்றேன்.

ஏழு கோர்பினியனுடையது. நான்கு என்னுடையது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "உன் நாக்கு பொய் சொல்லாதேப்பா" என்றார் குன்ட்ராம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கோர்பினியன் மட்டும் சிரிக்கவில்லை. "அட விடுங்கப்பா. கிளாஸ் மாறிப்போயிருக்கும். ஊத்தினவன் யாரு, எண்ணைச் சரியாப் பாத்தானா?" என்று எனக்காகச் சண்டைக்குப் போனான். மற்றவர்கள் சிரித்ததை ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். அவன் சிரிக்காததை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை என் வாசற்படியில் சேறு அப்பிய ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது, பக்கத்தில் பிரஷ். அவனுடைய பூட்ஸ். அவனே ஓடிவந்து எடுத்துக்கொண்டான். "சத்தியமா நான் வைக்கல ஒட்மார். இந்தக் குடிகாரப் பசங்க வேலை." நம்பினேன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதற்குப் பிறகு என் வீட்டில் நட்சத்திரம் தொங்கிய வாரம் எட்டுப் பேர் வந்தார்கள். "ஈரத்துணி ஒண்ணு ஊத்துப்பா" என்று கேட்டுக் குடித்தார்கள். வெளியூர்க்காரர்கள் என் வாசலைத் தாண்டி அவன் வாசலுக்கு நடந்தார்கள். அங்கே பெஞ்சு போதாமல் தெருவில் பலகை போட்டிருந்தான், பலகை இரவல் என்னுடையது.

நிலவறையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும், நீங்கள் நகரத்துப் பிள்ளை. பியர் பொங்கும் நாட்களில் தொட்டியிலிருந்து கரியமிலவாயு வழிந்து தரையில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சை அடைத்து ஆளைக் கொன்றுவிடும். அதற்காகத்தான் சுவரில் காற்றுவழி வைத்துச் சந்துப் பக்கம் மரமூடி போட்டிருக்கிறோம். பொங்கும் வாரத்தில் மூடி திறந்தே இருக்கும். அதோடு, கீழே இறங்குகிறவன் கையில் ஒரு மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்குவான். சுடர் சுருங்கினால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும்.

செப்டம்பரில் அவனுக்கு அறுபது வயது நிறைந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன், நல்ல தரமானது. "ஒரு கையில மெழுகுவர்த்தி, ஒரு கையில வாளி, உனக்கு வேற முட்டிவலி. இனிமே ரெண்டு கையும் காலியா இருக்கும் பாரு" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். ரோஸ்விதா, அவன் மனைவி, என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "இவருக்கு நானே சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். அன்றைக்கு என் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நம்பவேண்டும் என்று சொல்லவில்லை.

நவம்பரில் வழக்கம்போல் இருவரும் சேர்ந்து காய்ச்சினோம். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, நுரை உச்சத்துக்கு வரும் நாள். ரொட்டிக்கடையிலிருந்து சந்து வழியாக வந்துகொண்டிருந்தேன். கோர்பினியன் நிலவறையின் மரமூடி திறந்திருந்தது. உள்ளிருந்து அந்த மணம் வந்தது, பச்சை ஆப்பிளும் புது ரொட்டியும் கலந்த மாதிரி. என் நிலவறையில் அந்த மணம் ஒரு நாளும் வந்ததில்லை. ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு, மூடியைச் சாத்தி, கொக்கியைத் திருப்பிவிட்டேன். நிலவறை கொஞ்சம் சூடேறும், பியர் கொஞ்சம் கெடும், ஒரே ஒரு தடவை அவன் பியரிலும் வாடை வரட்டும் என்று நினைத்தேன். இந்த ஒரு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்.

புதன்கிழமை காலை கோர்பினியன் மேல்நுரையை வழித்தெடுக்க இறங்கினான். இரண்டு கையும் காலியாகத்தான் இருந்திருக்கும். பத்து மணிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவன் வரவில்லை என்று ரோஸ்விதா என் கதவைத் தட்டினாள். நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு போனேன். ஐந்தாம் படியில் அணைந்துவிட்டது. கீழே தொட்டிக்குப் பக்கத்தில் டார்ச் வெளிச்சம் மட்டும் சுவரில் அசையாமல் விழுந்திருந்தது. அவள் இறங்கப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், என்னைக் கடித்தாள், விடவில்லை. ஒட்மார் இல்லாவிட்டால் அவளும் போயிருப்பாள் என்று ஊரில் அப்போதிலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து அவன் உடலைத் தூக்கிப்போன பிறகு, சமையலறையில் உட்கார்ந்து அவள் கேட்டாள். "மூடியத் திறந்துதானே வெச்சிருந்தேன்? ஒட்மார், நீ அந்தப் பக்கந்தானே போறவன் வர்றவன். திறந்துதானே இருந்துச்சு?"

"இல்ல ரோஸ்விதா. நேத்து சாயங்காலமே சாத்தியிருந்துச்சு. பனி விழுதேன்னு நீ சாத்தியிருப்பே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆமா. சாத்தியிருப்பேன்" என்றாள். உங்கள் போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று அதையும் எழுதிக்கொண்டார். சாத்தியது யார் என்று அவள் தேடி அலையக்கூடாது, ஒரு பதில் கையில் இருந்தால் மனம் ஆறும் என்று அப்படிச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். ஒரு மனுஷிக்கு நான் கொடுத்த ஆறுதல் இது.

அந்தத் தொட்டியிலிருந்த பியரைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. பீப்பாயில் அடைத்து வைத்து ஜனவரியில் அவன் நினைவாகக் குடித்தோம். முதல் கிளாஸை என்னிடம்தான் கொடுத்தார்கள். கெடவே இல்லை. அவன் போட்டதிலேயே அதுதான் உசத்தி. குடித்துக்கொண்டே எனக்குப் புரிந்தது, புரிந்தது என்பதும் தப்பு. வெளியே பனி கொட்டும்போது ஒரு ராத்திரி மூடியைச் சாத்தினால் நிலவறை சூடேறாது. இதை ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், சந்தேகம் வந்தால் என்னிடம் அனுப்புவார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் கூட்டம் வந்தது. ஈரத்துணி என்று யாரும் சொல்லவில்லை, துக்க வீட்டுக்குப் பக்கத்தில் கேலி செய்வார்களா. என்னாலும் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. ஆனாலும் நட்சத்திரத்தை எடுத்துத் தொங்கவிட்டேன்.

ரோஸ்விதா வருஷம் முழுக்க வாசலுக்கே வரவில்லை. போன மாதம் திடீரென்று வந்து, "இந்தத் தடவை காய்ச்சலாமா? அவர் பங்கை நான் பாத்துக்கறேன்" என்றாள். ஊரே சந்தோஷப்பட்டது. ஜோடி நான்தான், மறுக்க வழியில்லை. சாற்றைப் பாதியாகப் பிரித்தோம். அளந்து ஊற்றும்போது, "நீ நல்லவன் ஒட்மார். என்னைக் குத்தம் சொல்லாத ஒரே ஆள் நீதான்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று வந்தது. வாளி நிறைந்துவிட்டது, அடுத்த வாளியை நீட்டினாள், நான் ஊற்றினேன்.

நான்காம் நாள், போன வியாழக்கிழமை மத்தியானம். என் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் நிலவறைக் கதவு தெரியும். ஏப்ரன் கட்டாமல், வாளி இல்லாமல், மெழுகுவர்த்தியும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சந்துக்குப் போனேன். மரமூடி சாத்தியிருந்தது, கொக்கி திருப்பியிருந்தது. அவள் அந்தக் கொக்கியை உண்மையாகவே திருப்பியது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்தது பத்திரிகையில் வந்துவிட்டது. நான் மூடியைப் பிய்த்துத் திறந்தேன். தபால்காரி அனெக்ரெட்டும் நானும் உள்ளே தாழிட்டிருந்த கதவை உடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நல்லவேளை, அவள் தரைவரை போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள், ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டோம். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண் திறந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தடவை காப்பாத்திட்டே. நான்தான் அவரைக் கொன்னேன், ஒட்மார். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் காப்பாத்தினே" என்றாள். தெரியும் என்று எப்படிச் சொல்வது, தெரியாது என்று எப்படிச் சொல்வது. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. நர்ஸ் வந்துதான் பிரித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக் கூடத்தில் எனக்கு மரியாதை செய்யப்போகிறார்கள். என் பெயரைச் செதுக்கி ஒரு கோப்பை செய்திருக்கிறார்கள். குன்ட்ராம் பேசுவதற்கு இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறார். அதற்குள் அவளிடம் யாராவது போய், மூடியைச் சாத்தியவள் அவள் இல்லை என்று சொல்லவேண்டும். நான் போனால் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். தயவுசெய்து நீங்கள் போங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் சந்துக்குப் போனபோது தேவாலய மணி இரண்டே கால் அடித்தது. மூடிக்கு முன்னால் நின்றேன். கை கோட்டுப் பையிலேயே இருந்தது. இவள் போய்விட்டால் கேட்பதற்கு ஆளே இல்லை, துக்கம் தாங்காமல் போனாள் என்பார்கள், எல்லாம் இத்தோடு அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். மணி இரண்டரை அடித்தது. அப்போதும் நின்றேன். அப்புறம் தபால் வண்டி வந்து நின்றது. "என்ன ஒட்மார், குளிருல சுவத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் அனெக்ரெட். அதன் பிறகுதான் கொக்கியில் கை வைத்தேன். அன்று தபால் வராத நாளாக இருந்திருந்தால், திறந்திருக்க மாட்டேன்.