பீரோவின் மேல்முனை

கேத்தியில் வீடு பார்க்க வருகிறவர்கள் ஜன்னலில் தெரிகிற பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள், கனகமணி மேடம். ரோட்டிலிருந்து வாசலுக்கு எவ்வளவு படி இறங்க வேண்டும் என்பதைச் சாமான் வந்த அன்றுதான் கவனிக்கிறார்கள். நான் முதல் நாளே கவனித்தேன். உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கேட்டால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் கொர்னேலியஸுக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை. நல்ல மனிதர். குடி கிடையாது, சிரித்த முகம். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் மகள் ஸ்டெபி பெங்களூரில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள், நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது என்று டிவியில் ஒரு வீடியோ கேமை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு பேர் சேர்ந்து பார்சல் கொண்டுபோய்ச் சேர்க்கிற விளையாட்டு. எலும்பே இல்லாத மாதிரி தொளதொளவென்று இரண்டு பொம்மைகள். ஆளுக்கொரு முனை பிடித்தால்தான் பெட்டி நகரும். ஒருவர் விட்டால் பெட்டி உருளும், பொம்மை உருளும், சில சமயம் வேனே உருளும். விழுந்த பொம்மை தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்துவிடும்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் உட்காருவோம். ஒரு பார்சலைக்கூட முழுதாகச் சேர்த்ததில்லை. தர்பூசணியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது கொர்னேலியஸ் பாதியில் விட்டுவிட்டு வேனில் ஏறி ஹாரன் அடிப்பார். நான் மீன்பெட்டியோடு பாலத்தில் தொங்கிக்கொண்டிருப்பேன், அவர் பொம்மை ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும்.

"விளையாட்டுதானே ஐவி, கம்முனு சிரி" என்பார்.

சிரித்தேன். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டு, அவருடைய பொம்மையை ஓரமாக நிறுத்திவிட்டு நான் மட்டும் முயன்று பார்த்தேன். தனி ஆளால் முடியாதபடி செய்துவைத்திருக்கிறார்கள்.

விளையாட்டில் மட்டும் என்றால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். என் அப்பாவின் அடக்கத்தன்று சவப்பெட்டியின் ஒரு முனை இவர் கையில் இருந்தது. கல்லறை வாசலில் பழைய சிநேகிதர் ஒருவரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி, "அட, சில்வஸ்டர்" என்றார். அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

பெர்ன்ஹில் வாடகை வீட்டைக் காலி செய்து இங்கே வந்த அன்று கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றையும் லோடுமேன்கள் இறக்கிவிட்டார்கள். "பீரோவையும் எறக்கிடறோமுங்க டீச்சர்" என்றார்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று கடைக்கு அனுப்பினேன். பக்கத்துக் கேரட் தோட்டத்திலிருந்து மூக்கம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், நானொரு கை புடிக்கட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாங்க, சார் இருக்காரு" என்றேன்.

சரிவில் ஒரு கனத்தை இரண்டு பேர் தூக்கினால் கீழே நிற்கிறவர் மேல்தான் பாரம் அதிகம் இறங்கும். வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம். கொர்னேலியஸைக் கீழே நிற்கச் சொன்னேன். படியைப் பார்க்க வேண்டாம், என்னை மட்டும் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குங்கள் என்றேன். சேலைகளை வெளியே எடுக்காமல், தையல் மிஷினையும் ஏன் பீரோவுக்குள் வைத்தேன் என்று கேட்டீர்கள். இன்னொரு நடை மிச்சம் என்றுதான்.

பாதிப் படி இறங்கினோம். நான் காத்திருந்தேன். அவர் எப்படியும் விடுவார், அந்த நேரம் நானும் விட்டுவிடலாம், ஒரு தடவை பட்டால் தெரிந்துகொள்வார் என்பது என் கணக்கு. ஆனால் அன்று அவர் விடவில்லை. பாக்கெட்டில் போன் அடித்தது, எடுக்கவில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்க, கண்ணை என் மேலேயே வைத்திருந்தார்.

"பாத்தியா ஐவி, விடலையே" என்றார்.

நான் விட்டேன்.

பீரோ அவரை நெஞ்சில் தள்ளியது. இரண்டும் சேர்ந்து எங்கள் வாசலைத் தாண்டி, கேரட் பாத்தியைத் தாண்டி, அதற்குக் கீழே அடுத்த தோட்டத் தட்டில் லாரிக்காகக் குவித்திருந்த முட்டைக்கோஸில் போய் நின்றன. பீரோவின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மூக்கம்மா கத்திக்கொண்டு ஓடினாள். நான் மேலேயே நின்று, தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்திருப்பார் என்று சிறிது நேரம் பார்த்தேன்.

மூக்கம்மா உங்களிடம் சொன்னது சரிதான், அவள் பொய் சொல்லமாட்டாள். கை வழுக்கிவிட்டது என்று சொல்லும்மா என்று ஸ்டெபி போனில் அழுகிறாள். வழுக்கவில்லை. தெரிந்துதான் விட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்களுக்குள் இத்தனை வருஷத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

இடுப்பெலும்பு சேர மாதக்கணக்கில் ஆகுமாம். நான்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு என்னை வார்டுக்குள் விட வேண்டாம் என்று நர்ஸிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறாராம். என் முன்னால் அழ அவருக்கு எப்போதுமே கூச்சம்.